டயப்பரா, டியூபா, கழிப்பறைக்குக் கூட்டிப்போவதா? முதியோர் இல்லத்தில் சிறுநீர்க் கசிவுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

முதியோர் இல்லத்திலிருந்து ஃபோன் வருகிறது. "அம்மா அடிக்கடி நனைச்சிடறாங்க, இனிமே டயப்பர் போட்டுடலாமா?" பெரும்பாலான பிள்ளைகள் "சரி, போட்டுடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடப் பேச்சில் அம்மாவின் மீதி நாட்கள் எப்படிப் போகும் என்பது பாதி தீர்மானமாகிவிடுகிறது. அம்மாவை யாரும் கேட்கவில்லை. ஏன் நனைகிறது என்றும் யாரும் பார்க்கவில்லை.

முழுநேரப் பராமரிப்பு தரும் இல்லங்களில் தங்கியிருக்கும் முதியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. இவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே, நரை விழுவதைப் போல இதுவும் வயதானால் வருவதுதான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். வயது ஒரு பங்கு வகிக்கிறது என்பது உண்மை. ஆனால் முழுதாகச் சரியாகாவிட்டாலும், ஒரு நாளில் நாலு தடவை நனைபவரை ஒரு தடவைக்குக் கொண்டுவர முடிந்தால், அந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று நினைத்துப் பாருங்கள்.

வழிகள் என்று பார்த்தால் நான்குதான்: நேரத்துக்குக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, உறிஞ்சும் பேடோ டயப்பரோ போடுவது, சிறுநீரை வெளியே எடுக்கக் குழாய் வைப்பது, மாத்திரை கொடுப்பது. இவற்றை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் எதைத் தேர்ந்தெடுத்தாலும் குருட்டாம்போக்குதான்.

ஏன் கசிகிறது என்று முதலில் பாருங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஈரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே காரணங்கள் வேறு வேறு. இருமும்போதும் எழுந்திருக்கும்போதும் கொஞ்சம் கசிந்தால் இடுப்புத் தளத் தசையும் சிறுநீர் வாயை மூடும் தசையும் தளர்ந்திருக்கின்றன. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, போவதற்குள் ஆகிவிட்டால் சிறுநீர்ப்பை தானாகச் சுருங்குகிறது. பை காலியாகவே ஆகாமல் நிரம்பி, சொட்டுச் சொட்டாக வழிவதும் உண்டு. புராஸ்டேட் வீங்கிய ஆண்களிடமும், நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் இது அதிகம். நான்காவது ஒன்று இருக்கிறது. முதியோர் இல்லங்களில் அதைத்தான் அதிகம் பார்க்கலாம். பை ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கால் எழுந்து நடக்க விடாது, முடிச்சு போட்ட உடையைக் கை அவிழ்க்காது, அல்லது கழிப்பறை எந்தப் பக்கம் என்பது மறந்துபோயிருக்கும். பலருக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

இதில் வழிந்து கசிவதை மட்டும் தவறவே விடக்கூடாது. சிறுநீர் போன உடனே வயிற்றின் மேல் ஒரு சின்ன ஸ்கேன் வைத்தால் பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வலி இல்லை, சில நிமிட வேலை. 200 மில்லிக்கு மேல் தங்கியிருந்தால் பை சரியாகக் காலியாகவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அப்படிப்பட்டவருக்கு, பையை அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கொடுத்தால் சிறுநீர் முழுதாக அடைத்துக்கொள்ளவும் கூடும்.

அடுத்து, திருத்தக்கூடிய காரணங்கள். என் பார்வையில் முதல் இடம் மலச்சிக்கலுக்குத்தான். மலக்குடலில் இறுகிக் கிடக்கும் மலம் சிறுநீர்ப்பையை நெருக்குகிறது. அதைச் சரிசெய்தாலே சிலருக்குக் கசிவு பாதியாகிவிடும். அப்புறம் மருந்துப் பட்டியல். நீர் மாத்திரை, தூக்க மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் (காலில் நீர் கோத்து, இரவில் அது சிறுநீராக இறங்கும்), ஞாபக மறதிக்கான டோனெபெசில், ரத்த அழுத்தத்துக்காகப் பெண்களுக்குக் கொடுக்கப்படும் பிரசோசின் போன்ற மாத்திரைகள் என்று பலவும் கசிவைக் கிளப்பலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் சிறுநீரின் அளவே கூடிவிடும். "கசிவு எப்போது தொடங்கியது, அதற்கு முந்தைய வாரங்களில் என்ன மருந்து புதிதாக வந்தது?" இந்த ஒரு கேள்வியை டாக்டரிடம் கேட்டாலே பல முடிச்சுகள் அவிழும்.

சிறுநீரில் கிருமி இருப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லங்களில் இருக்கும் வயதான பெண்களில் நான்கில் ஒருவர் முதல் இரண்டில் ஒருவர் வரை, எந்த நோயும் இல்லாமலே சிறுநீரில் கிருமியோடு இருப்பார்கள். நீண்ட நாளாகக் கசிந்துகொண்டிருப்பவருக்கு வேறு அறிகுறியே இல்லாமல், பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கசிவு குறைவதில்லை. வயிற்றுப்போக்கும், மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிச்சம். காய்ச்சல், எரிச்சல், திடீரென்று புதிதாகத் தொடங்கிய கசிவு என்றால் கதை வேறு. உடனே பார்க்க வேண்டும்.

கூட்டிப்போவது

பட்டியலில் இதை நான் முதலில் வைக்கிறேன். காரணம் பாசம் மட்டும் இல்லை. பகல் நேரக் கசிவுக்கு இல்லங்களிலேயே வைத்துப் பரிசோதித்து, பலன் உண்டு என்று திரும்பத் திரும்பத் தெரிந்த வழி இது.

செய்முறை எளிது. காலையிலிருந்து மாலை வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒருவர் அருகில் வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஈரமா இருக்கா, காய்ஞ்சிருக்கா?" என்று கேட்பார். பார்த்து உறுதி செய்துகொள்வார். "பாத்ரூம் போகலாமா?" என்று கேட்பார். வேண்டாமென்றால் இன்னும் ஓரிரு முறை பொறுமையாகக் கேட்பார், அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார். சரி என்றால் துணையாகப் போவார். காய்ந்திருந்தாலும், கழிப்பறையில் போனாலும் மனம் திறந்து பாராட்டுவார். அடுத்து எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டு, குடிக்க ஏதாவது கொடுத்துவிட்டுப் போவார்.

கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது. யாரையும் கேட்காமல் இரண்டு மணிக்கு ஒரு முறை உட்காரவைத்துவிட்டு வருவது வேறு. அதுவும் கொஞ்சம் உதவும், குறிப்பாகப் பேச்சே புரியாத நிலையில் இருப்பவர்களுக்கு. ஆனால் கேட்டுச் செய்யும்போது, பல மாதமாக வாய் திறந்து சொல்லாத ஒருவர் "எனக்கு வருது" என்று தானாகச் சொல்ல ஆரம்பிக்கலாம்.

யாருக்குப் பலிக்கும்? இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், மூன்று நாள் போதும். மூன்று நாள் பகலில் செய்து பார்த்து, எத்தனை முறை துணியில், எத்தனை முறை கழிப்பறையில் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மொத்தம் 15 முறை சிறுநீர் போயிருந்து, அதில் 10 முறை கழிப்பறையில் என்றால், அதாவது மூன்றில் இரண்டு பங்கு என்றால், இவருக்கு இது பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆய்வுகளில் நூற்றுக்கு 25 முதல் 40 பேர் வரை இப்படி நன்றாக ஒத்துழைத்திருக்கிறார்கள். ஞாபக மறதி மட்டுமே தடையாகாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், ஒருவர் கைகொடுத்தால் எழுந்து நிற்கிறார் என்றாலே முயன்று பார்க்க வேண்டும். "அவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்று முயற்சி செய்யாமலே ஒதுக்கப்படுபவர்களை நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

இதன் குறை என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆள் வேண்டும். ஒவ்வொரு முறையும் சில நிமிடம், அதுவும் நாள் தவறாமல். ஊழியர் நிறுத்திய நாளிலிருந்து கசிவு பழையபடி திரும்பிவிடுகிறது. இது பழக்கமாகி நிலைத்துவிடும் சிகிச்சை இல்லை. ஒரு பகல் ஷிப்டில் இரண்டு ஆயாக்கள் இருபது பேரைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், எல்லோருக்கும் இதைச் செய்யச் சொன்னால் யாருக்கும் நடக்காது. அதனால்தான் அந்த மூன்று நாள் சோதனை முக்கியம்: பலிக்கிறவர்கள் யார் என்று தெரிந்தால், இருக்கிற கைகளை அவர்களுக்குக் கொடுக்கலாம். பலிக்காதவர்களை மணிக்கணக்கு பார்த்து எழுப்பி உட்காரவைப்பது அவர்களுக்கும் வேதனை.

கூடவே கவனிக்க வேண்டிய சின்ன விஷயங்கள் நிறைய. முடிச்சும் பொத்தானும் இல்லாத, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த உடை. கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி. ஆண்களுக்குக் கைக்கு எட்டும் இடத்தில் யூரின் பாட்டில். சுவரில் பிடிமானக் கம்பி, சரியான உயரத்தில் இருக்கை, இருட்டில் மெல்லிய விளக்கு, கதவில் எழுத்துக்குப் பதிலாகப் படம். கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று தடவை எழுந்து உட்காரவைத்து, சில அடி கூடுதலாக நடக்க வைத்தால் காலுக்கும் வலு கூடும். கழிப்பறைக்கு வேகமாகப் போகவும் முடியும்.

பேடும் டயப்பரும்

இவை சிகிச்சை இல்லை, ஈரத்தைத் தாங்கிக்கொள்ளும் பாதுகாப்பு. அந்த எல்லையோடு பயன்படுத்தினால் மிகவும் நல்ல பொருட்கள். உள்ளே இருக்கும் தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி ஜெல்லாக்கிவிடுவதால், நல்ல பேடு ஒன்று மேற்புறத்தை ஓரளவு உலர்வாக வைத்திருக்கும்.

ஒரே வகையை எல்லோருக்கும் வாங்குவதுதான் பொதுவான தவறு. எழுந்து கழிப்பறைக்குப் போகிறவருக்குப் பக்கவாட்டில் ஒட்டும் டயப்பரைப் போட்டால் அவரால் தானாகக் கழற்ற முடியாது. போகக்கூடிய திறமையையும் நாமே பறித்துவிடுகிறோம். அவருக்கு உள்ளாடைக்குள் வைக்கும் பேடோ, ஜட்டி மாதிரி இழுத்துப் போடும் வகையோ பொருந்தும். படுத்தே இருப்பவருக்கு ஒட்டும் வகை மாற்றுவதற்குச் சுலபம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஈரம் சேரும் இடமே வேறு, பகலுக்கும் இரவுக்கும் அளவும் வேறு. ஒன்றின் மேல் ஒன்று இரண்டு பேடு வைப்பதில் பெரிய பயன் இல்லை. பெரும்பாலான பேடுகளின் அடிப்பகுதி நீர் புகாத தாள் என்பதால் அடுத்ததற்கு ஈரம் இறங்காது.

தோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிறுநீரில் உள்ள யூரியா அம்மோனியாவாக மாறும்போது தோலின் இயல்பான மெல்லிய அமிலத்தன்மை போய்விடுகிறது. மலமும் சேர்ந்தால் புண்ணாவதற்கு அதிக நாள் ஆகாது. சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது. அதைப் போட்டுத் தேய்ப்பது நிலைமையை மோசமாக்கும். மென்மையான திரவத்தால் ஒற்றி எடுத்து, உலரவிட்டு, தோலைப் பாதுகாக்கும் கிரீமை மெல்லியதாகத் தடவினால் போதும். கிரீமை அப்பிவைத்தால் அது பேடின் மேல் படிந்து, பேடு ஈரத்தை உறிஞ்சாமல் போகும்.

கழிப்பறைக்குக் கூட்டிப்போவதோடு இதை ஒப்பிடும்போது, டயப்பர்தான் ஊழியருக்கு நேரத்தை மிச்சம் பண்ணும் என்று உடனே சொல்லிவிடுவார்கள். நனைந்தவரைத் திருப்பிப் படுக்கவைத்து, கழுவி, உடையும் விரிப்பும் மாற்றுவதற்கு ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருக்காது. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. டயப்பர் போட்ட பிறகு, "பாத்ரூம் போகணும்" என்று கூப்பிடுபவரிடம் "அதுலயே போயிடுங்க, நான் அப்புறம் மாத்தறேன்" என்று சொல்லும் வழக்கம் வந்துவிடுகிறது. ஆயுள் முழுக்க அடக்கிப் பழகிய ஒருவரிடம் இதைச் சொல்வது, இனி நீ கேட்க வேண்டாம் என்று சொல்வதாகிறது. சில வாரத்தில் அவர் கேட்பதையும் நிறுத்திவிடுவார். அதனால் என் நிலைப்பாடு: பேடு இருக்கட்டும், கூட்டிப்போவதும் தொடரட்டும். நனையுமோ என்ற பயமில்லாமல் பொதுக் கூடத்தில் எல்லோரோடும் உட்கார அந்தப் பேடு உதவினால், அது தன் வேலையைச் செய்துவிட்டது.

குழாய்

உள்ளேயே தங்கும் குழாயைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் முடிவு கட்டிய மாதிரி இருக்கும். படுக்கை காய்ந்திருக்கும், வெளியே தொங்கும் பையில் அளவும் தெரியும். ஆனால் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் கிருமி சேர்கிறது; ஒரு மாதம் ஆனால் ஏறக்குறைய எல்லோருக்கும் சேர்ந்துவிடும். அதில் சிலருக்கு அது ரத்தம் வரை போகும். குழாய் அடைத்துக்கொள்ளும், பக்கவாட்டில் கசியும். ஞாபக மறதி உள்ளவர் குழாயை உள்ளே பிடித்து நிறுத்தும் பலூன் உப்பியிருக்கும்போதே இழுத்துவிட்டால் ரத்தம் கொட்டும். நடக்க முடிந்தவரையும் அது கட்டிலோடு கட்டிப்போடுகிறது.

அதனால் வெறும் கசிவுக்காகக் குழாய் வைக்கக்கூடாது. வேறு வழியில் தீராத சிறுநீர் அடைப்பு, சிறுநீர் பட்டு ஆறாமல் இருக்கும் ஆழமான படுக்கைப்புண், ஒவ்வொரு அசைவும் வலியாகும் கடைசிக் கட்டம் ஆகிய மூன்றுக்கும் அது நியாயமானது. கடைசிக் கட்டத்தில் இருப்பவர் அதைக் கேட்டால், கொள்கை பேசாமல் வைத்துவிட வேண்டும்.

ஆண்களுக்கு ஆணுறை போல வெளியே மாட்டும் குழாய் இருக்கிறது. 2006இல் வெளிவந்த ஒரு ஒப்பீட்டு ஆய்வில், ஞாபக மறதி இல்லாத ஆண்களுக்கு உள்குழாயைவிட இதில் தொற்று முதலான தொல்லைகள் குறைவாக இருந்தன. வசதியாகவும் இருந்தது என்றார்கள். சரியான அளவும் தினமும் தோலைப் பார்ப்பதும் முக்கியம். அடைப்பு உள்ளவருக்கு, நாளில் சில முறை குழாயை விட்டு எடுத்துவிடும் முறையும் உண்டு. அதற்குத் தெரிந்த கை வேண்டும்.

மாத்திரை

திடீர் அவசரத்தால் கசிபவருக்கு மட்டும்தான் இவை. கால் நடக்காததற்கு மாத்திரை இல்லை. ஆக்ஸிபியூட்டினின் போன்ற பழைய வகை மருந்துகள் வாயை உலர்த்தும், மலத்தை இறுக்கும், மூளையை மந்தமாக்கும். ஏற்கெனவே மறதி உள்ளவருக்குக் குழப்பம் கூடிவிடலாம். மறதிக்கு டோனெபெசில் கொடுத்து, அதனால் வந்த கசிவுக்கு ஆக்ஸிபியூட்டினின் கொடுப்பது, ஒரே வண்டியில் முன்னும் பின்னும் மாடு பூட்டியதைப் போன்றது. ஒன்று ஏற்றுவதை மற்றது இறக்கும். 2010க்குப் பிறகு வந்த மிராபெக்ரான் மூளையை இப்படிப் பாதிப்பதாகத் தெரியவில்லை. ரத்த அழுத்தத்தைக் கவனித்துக் கொடுக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு பிறப்புறுப்பின் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் அவசரத்தைக் கொஞ்சம் குறைக்கும். அதே ஹார்மோனை மாத்திரையாக விழுங்கினால் கசிவு கூடும். எதுவானாலும் கூட்டிப்போவதோடு சேர்த்துத்தான் பலன் தரும். சில வாரத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

இடுப்புத் தசைப் பயிற்சி, சொன்னதைப் புரிந்து தினமும் செய்யக்கூடியவருக்கு நல்லது. இல்லங்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவு.

தண்ணீரைக் குறைப்பதைச் சிலர் ஒரு வழியாகவே நினைக்கிறார்கள். தயவுசெய்து அதை விடுங்கள். சிறுநீர் அடர்த்தியாகிப் பையை எரிச்சலூட்டும், மலம் இறுகும், தலைசுற்றி விழுவார். தூங்கப்போவதற்கு முந்தைய சில மணி நேரம் மட்டும் கொஞ்சம் குறைத்து, அந்த அளவைப் பகலில் கொடுத்துவிடலாம்.

இரவு தனிக் கணக்கு

பகலுக்கு எடுத்த முடிவை இரவுக்கும் நீட்டக்கூடாது. வயதானால் சிறுநீரில் முன்பைவிட அதிகப் பங்கு இரவில் உண்டாவது சகஜம். பகலெல்லாம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் காலில் தேங்கிய நீர் படுத்ததும் திரும்பி வருகிறது. பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைப்பதும், நீர் மாத்திரையின் நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றுவதும் இதனால்தான். இரண்டு மணிக்கு ஒரு முறை விளக்கைப் போட்டு எழுப்பிப் பார்ப்பது தூக்கத்தைக் கெடுக்கும். மறுநாள் பகலும் கெடும். நன்றாகத் தூங்குபவருக்கு இரவில் நல்ல உறிஞ்சும் பேடு போட்டு, அவர் தானாக விழிக்கும்போது மாற்றுவது மேல். தானாக எழுந்து கழிப்பறைக்கு ஓடப் பார்ப்பவருக்கோ பேடு மட்டும் போதாது. இருட்டில் அவசரமாக ஓடி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். அவருக்குக் கட்டிலோரக் கமோடும் விளக்கும் அழைப்பு மணியும் வேண்டும்.

ஆளைப் பார்த்து முடிவு

கைத்தாங்கலாக நடக்கிறார், பெயர் சொன்னால் திரும்புகிறார், பகலில் மூன்று நாலு தடவை நனைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலச்சிக்கலையும் மருந்தையும் பார்த்துவிட்டு, மூன்று நாள் சோதனை, பிறகு பகலில் கூட்டிப்போவது, இழுத்துப் போடும் பேடு துணைக்கு. இதற்கு முன்னால் மாத்திரையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தூக்கித்தான் உட்காரவைக்க வேண்டும், கேட்டால் பதிலில்லை, சோதனையிலும் பலிக்கவில்லை என்றால் நல்ல பேடு, சரியான அளவு, நேரத்துக்கு மாற்றுவது, தோல் கவனிப்பு. கூட்டிப்போகவில்லையே என்று பிள்ளைகள் குற்ற உணர்வோடு இருக்கத் தேவையில்லை. அவரை உலர்வாகவும் வலியில்லாமலும் வைத்திருப்பதும் முழுமையான கவனிப்புதான்.

புராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர் எப்போதும் லேசாக நனைந்தே இருக்கிறார், அடிவயிறு கெட்டியாக இருக்கிறது என்றால், எந்தத் தேர்வையும் செய்யாமல் அன்றே ஸ்கேனும் டாக்டரும்.

இல்லத்தில் கேட்க வேண்டியவை சிலவே. எந்த நேரத்தில் நனைகிறார் என்று குறித்திருக்கிறீர்களா? கடைசியாக எப்போது மலம் போனார்? அவர் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார்? பதில் கையில் இல்லாவிட்டால் கோபப்படாமல் மூன்று நாள் குறித்துத் தரச் சொல்லுங்கள்; முடிந்தால் அதில் ஒரு நாள் நீங்களே கூட இருங்கள். ஆயாக்களுக்கும் இது கடினமான வேலை. கூடவே இருப்பவரைப் பார்த்தால் அவர்களும் மனம்விட்டுப் பேசுவார்கள். எதிரே அமர்ந்து கேட்கும் உங்களுக்குத் தெரியாத பலவும் அவர்களுக்குத் தெரியும்.

மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினால் எடுத்த முடிவை அன்றே மறுபடி பாருங்கள். அங்கே போட்ட குழாய், ஏன் போட்டார்கள் என்பதே மறந்துபோய், மாதக்கணக்கில் உள்ளேயே இருந்துவிடுவது உண்டு. "இது எதற்கு, எப்போது எடுப்பீர்கள்?" என்று அன்றைக்கே கேளுங்கள். அப்புறம் அறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டு, அம்மாவிடம் கேளுங்கள்: "உனக்கு எது சௌகரியமா இருக்கும்மா?"